பழைய அடுப்புப் பட்டியல்

அந்த வேலை எனக்குக் கிடைத்ததே தமிழ் தெரிந்ததால்தான். நேர்முகத் தேர்வுக்கு வேதியியல் படித்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். திட்டத் தலைவர் என்னிடம் வேதியியலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மற்றதெல்லாம் வீடு எங்கே, வீட்டில் என்ன பேசுவீர்கள், தெரியாதவர்கள் வீட்டுக்குள் போய் உட்காரக் கூச்சப்படுவீர்களா என்பதுதான். ஆஸ்டின் டவுனில் வீடு, வீட்டில் தமிழ், கடையில் கன்னடம் என்று சொன்னேன். அவர் கன்னடக்காரர். ஆய்வுக்கூடத்தில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் தமிழ் வராது. அடுப்பு வைக்க வேண்டிய வீடுகளோ தமிழ்க்காரர்கள் நிறைந்த ஜோகுபாளையத்தில் இருந்தன. அடுத்த திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என்னோடு கல்லூரியில் படித்தவர்களெல்லாம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பு வேலைக்குப் போகிறேன் என்றதும் அப்பா, இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. மரத்தை வீணாக்காமல், புகையை வீட்டுக்குள் விடாமல் எரியும் அடுப்பு. தகரத்தால் செய்து உள்ளே களிமண் பூசியது. மேலே இரண்டு பாத்திரம் வைக்கலாம். பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் கிளம்பிக் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். லிங்கராஜபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அதைச் செய்து வாங்கினோம். ஆய்வுக்கூடத்தின் பின்புறக் கொட்டகையில் அதை முதன்முதலில் பற்ற வைத்தபோது புகை முழுக்கக் குழாய் வழியாக ஏறிப் போனதை நாங்கள் நாலு பேரும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம். திட்டத் தலைவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.

கொட்டகையில் எரிவது பெரிய விஷயமில்லை, வீட்டில் எரிந்தால்தான் ஆயிற்று. அதற்காக ஜோகுபாளையத்தில் விறகிலும் மரத்தூளிலும் சமைக்கிற வீடுகளாகப் பார்த்து எடுத்தோம். பாதி வீடுகளுக்குப் புது அடுப்பு. மீதிப் பாதி தங்கள் பழைய அடுப்பிலேயே சமைக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் சமைக்கிற பெண்மணி எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார் என்று அளந்து ஒப்பிட வேண்டும். எந்த வீட்டுக்கு எது என்பது நம் விருப்பமாக இருக்கக் கூடாது என்பதால் சீட்டுக் குலுக்கிப் போடச் சொன்னார்கள். பழைய அடுப்பு வீடுகளுக்கும் கடைசியில் புது அடுப்பு தருவதாகத் திட்டத்தில் எழுதியிருந்தது.

அளக்கிற கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்பில் பட்டையோடு கட்டிக்கொள்ளும் சின்ன பம்பு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முதுகுவழியாக ஏறித் தோளைத் தாண்டி வந்து, கழுத்துக்குக் கீழே புடவையில் குத்தியிருக்கும். குழாயின் முனையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெள்ளை வடிதாள். பம்பு காற்றை இழுக்கும், புகைத்தூள் தாளில் படியும். அந்தத் தாளை அளவெடுக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுக் கணக்கிட வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு சமைப்பது சுலபமில்லை. உர்ரென்று சத்தம் வேறு. பல வீடுகளில் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஆணியில் தொங்கிய பம்பு அளந்த காற்று எங்களுக்கு எதற்கும் உதவாது.

இட்லி அக்காவின் வீட்டுக்கு நான் முதலில் போனபோது அவர் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் மர டிப்போவில் சுமை ஏற்றுகிறவர். அங்கே மிஞ்சும் மரத்தூளும் உடைந்த பெட்டிப் பலகையும்தான் இவர்களுக்கு விறகு. ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டி, ஆறு மணிக்கெல்லாம் வாசலில் பலகை போட்டு, கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்பார். ஜன்னலில்லாத சமையலறை. சிமெண்ட் ஷீட் கூரையின் உட்புறம் கருப்பாகப் பளபளத்தது. அங்கே பத்து நிமிடம் நின்றாலே எனக்குக் கண்ணில் நீர் வழியும்.

கருவியைக் காட்டி விளக்கினேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார், கரண்டு அடிக்குமா என்று. அடிக்காது என்றதும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சோதனைக்காகக் கொடுத்த அந்த முதல் நாளே, காலையில் தானே பொத்தானை அழுத்தி, மணி பார்த்து, சுவரில் தொங்கிய காலண்டரில் நேரத்தை எழுதி வைத்திருந்தார். இட்லியெல்லாம் விற்று முடித்து, அடுப்பை அணைத்த பிறகுதான் கழற்றியிருந்தார். எந்த வீட்டிலும் எனக்கு அப்படி ஒரு தாள் கிடைத்ததில்லை.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரப் பெண் வேறு மாதிரி. முகத்துக்கு நேரே பேசிவிடுவார். "எனக்கு அடுப்பு குடுத்தா உங்க மெஷினக் கட்டிக்கறேன். சும்மா கட்டிக்கினு நிக்கறதுக்கு நான் என்னா உங்க ஆபீஸ்ல வேலையா செய்றேன்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஏற்கெனவே இரண்டு வீடுகள் விலகிப்போயிருந்தன. இன்னொன்றும் போனால் திட்டத் தலைவர் என்னைத்தான் கேட்பார்.

சீட்டைக் குலுக்கிப் போட்டது நான்தான். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். இட்லி அக்காவுக்குப் புது அடுப்பு விழுந்தது. பக்கத்து வீட்டுக்குப் பழைய அடுப்பு.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் இதைக் கேட்டதும் முடியாது என்றுவிடுவார். இட்லி அக்கா எதுவும் கொடுக்காவிட்டாலும் கருவியைக் கட்டிக்கொள்வார். இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் இரண்டு வீடும் என் கையில் இருக்கும். பழைய அடுப்புப் பக்கத்தில் நம்பகமான ஒரு வீடும் கிடைக்கும். எப்படியும் கடைசியில் எல்லோருக்கும் அடுப்பு கொடுக்கத்தானே போகிறார்கள். ஒரு வருடம்தானே. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு பெயரையும் அடித்து மாற்றி எழுதி, டைப் செய்யக் கொடுத்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்த திட்டத் தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, சரியாகச் சமமாகப் பிரிந்திருக்கிறதே என்றார்.

இட்லி அக்காவிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போனது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மாவுப் பாத்திரத்தைத் திருப்பி வைத்தார். "பரவால்ல மேடம். அப்புறமா குடுப்பீங்க இல்ல?" என்றார்.

"முடிஞ்சதும் மொதல் அடுப்பு உங்களுக்குத்தான் அக்கா," என்றேன்.

ஒரு வருடம் அந்தத் தெருவுக்குப் போய் வந்தேன். முதல் பஸ் பிடித்துப் போனால் ஆறரைக்கு அங்கே இருப்பேன். இட்லி அக்கா கருவியைக் கட்டிக்கொண்டு புகைக்குள் குனிந்திருப்பார். பக்கத்து வீட்டில் புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வாசலுக்கும் நடுவே நான்கு அடிதான். கொஞ்ச நாளில் மேடம் போய் 'பாப்பா' ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பார். நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஒரு நாள் வடிதாளைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது எட்டிப் பார்த்தார். காலையில் வெள்ளையாக வைத்த தாள் கரும்பலகை மாதிரி ஆகியிருந்தது.

"இதெல்லாம் எனுக்குள்ளயா போவுது?"

"எல்லாம் போகாதுக்கா. கொஞ்சம்தான் போகும்," என்றேன்.

அவர் நம்பினார். அந்தத் தாள் காட்டியதே அவருக்குள் போகிற அளவைத்தான். அதற்காகத்தான் அந்தக் கருவியை அவருடைய மூக்குக்கு அருகில் குத்தி வைத்திருந்தோம்.

வருடம் முடிந்தது. தாள்களையெல்லாம் எடை போட்டோம், வரைபடங்கள் வரைந்தோம். திட்டத் தலைவர் கட்டுரை எழுதி அனுப்பினார். அது வெளிவந்தபோது என் பெயர் நான்காவதாக இருந்தது. அப்பா அதை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டார். அதற்குள் திட்டத்தின் பணம் தீர்ந்துபோயிருந்தது. பழைய அடுப்பு வீடுகளுக்கான அடுப்புகள் அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அடுத்த கட்டத்துக்கு அனுமதி வரவில்லை. திட்டத் தலைவர் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் இரண்டு முறை எழுதிக் கேட்டதை நானே பார்த்தேன்.

ஆனால் கொட்டகையில் ஓர் அடுப்பு மிச்சம் இருந்தது. முதலில் செய்து பார்த்த மாதிரி அடுப்பு, குழாயோடு. திட்டத் தலைவரின் கையெழுத்தும், எடுத்துப்போக ஒரு வண்டியும், கூரையில் ஓட்டை போட ஓர் ஆளும் இருந்தால் போதும். இட்லி அக்காவுக்கு அதை வைத்துக் கொடுத்திருக்கலாம். செய்யத்தான் நினைத்தேன். அந்த மாதங்களில் நானும் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருந்தேன். இந்த வாரம் பரீட்சை, அடுத்த வாரம் இண்டர்வியூ என்று தள்ளிக்கொண்டே போனேன். மென்பொருள் கம்பெனி ஒன்றில் கையேடு எழுதும் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று கொட்டகைப் பக்கம் போனேன். அடுப்பின் மேல் யாரோ சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அவற்றை நகர்த்த ஆளைத் தேடவில்லை. ஜோகுபாளையத்துக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாததால் போகாமல் இருந்தேன். போகாமல் இருந்த பிறகு போவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இப்படியே ஆறேழு வருடம் ஓடியது. கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வேறு வீடு மாறினோம். மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்த வீடு. வருகிறவர்களிடம் அதைக் காட்டுவேன். எங்கள் கம்பெனியும் பசுமை, சுற்றுச்சூழல் என்று பேசத் தொடங்கியிருந்தது. உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு யாராவது பேச வேண்டும் என்றபோது, நீ முன்பு அடுப்பு ஆராய்ச்சி செய்தவள்தானே என்று என் மேலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பழைய கட்டுரையைத் தேடியெடுத்துத் திரையில் காட்டப் படங்கள் தயாரித்தேன். எல்லாம் வரைபடங்களாக இருந்தன. உண்மையான சமையலறை ஒன்றின் புகைப்படம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

நான் ஜோகுபாளையத்துக்குத் திரும்பிப் போனது அதற்காகத்தான். ஒரு சனிக்கிழமை காலை, கைப்பையில் கேமராவோடு.

தெருவில் இரண்டு வீடுகள் மாடியாகியிருந்தன. இட்லி அக்கா வீடு அப்படியே இருந்தது. வாசலில் பலகை இல்லை. அவர் உள்ளே கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டு எழ முயன்றார், அதற்குள் மூச்சு வாங்கியது. நான் பிடித்து உட்கார வைத்தேன். பேசுவதற்கு நடுநடுவே நிறுத்தி மூச்சை இழுத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்கு வந்தார். கணவர் இப்போது காவல் வேலைக்குப் போகிறார், மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, லிங்கராஜபுரத்தில் இருக்கிறாள் என்றார். இட்லியை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போகிறார். அங்கே டாக்டர் அவரிடம் முதலில் கேட்டது, பீடி பிடிப்பீர்களா என்றுதான். அதைச் சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் அடங்கவில்லை.

மூலையில் காஸ் அடுப்பு இருந்தது. மகள் வாங்கிக் கொடுத்ததாம்.

"பாப்பா, அந்த மெஷின்ல கடைசியா என்னா வந்துச்சு? நீ சொல்லவே இல்லயே," என்று கேட்டார்.

எங்கள் கட்டுரையில் அவர் வீடு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. அந்த எண்ணுக்கு நேரே என்ன அளவு என்று எனக்கு ஞாபகமில்லை. அவருடைய மூச்சை ஒரு வருடம் அளந்துவிட்டு, அளந்தது எவ்வளவு என்று அவரிடம் சொல்லாமலே இருந்திருக்கிறோம். ரொம்ப அதிகமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் சீட்டுல புது அடுப்பு உங்களுக்குத்தான் வந்துச்சு. நான்தான் மாத்துனேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"ஏன் மாத்துன?"

"பக்கத்து வீட்டக்கா அடுப்பு குடுக்கலைன்னா மெஷின் கட்டமாட்டேன்னாங்க. நீங்க கழட்டாம கட்டிக்குவீங்கன்னு தெரியும். அதான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. யோசிப்பது போலத்தான் இருந்தது.

"அப்போ நானும் கழட்டிப் போட்டிருக்கணும்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு குழந்தை எத்தனை என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, அடுப்புக்கார மேடம்தானே என்றார். அந்த அடுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். இரண்டு வருடம் நன்றாக எரிந்ததாம். அப்புறம் கூரை ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கிக் குழாய் துருப்பிடித்து ஒடிந்துவிட்டது. சரிசெய்ய யாரிடம் போவது என்று தெரியவில்லை, நீங்களும் வரவில்லை என்றார். புது அடுப்பு வாங்கிய மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட அதே கதைதானாம்.

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பஸ் நிறுத்தம்வரை லேசாக நடந்து போனேன். மாற்றாமல் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்று மனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது. நான் பாடுபட்டு வேலை செய்த அடுப்பு உருப்படாமல் போனதில் எனக்கே இப்படி ஒரு சந்தோஷம் வந்தது.

கம்பெனியில் பேசினேன். புகைப்படம் இல்லாமலே பேசினேன். நன்றாக இருந்தது என்று கைதட்டினார்கள். நான் மாற்றியதைச் சொல்லவில்லை. குழாய் ஒடிந்ததையும் சொல்லவில்லை.

மறுபடி போனபோது பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். அந்த நிம்மதியை அவருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு அவசரம். புது அடுப்புகள் எல்லாம் இரண்டு வருடத்தில் கெட்டுப்போய்விட்டதாம் அக்கா என்று ஏதோ நல்ல சேதி போலச் சொன்னேன்.

"ரெண்டு வருசம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சாம்."

"அப்போ எனுக்கு அந்த ரெண்டு வருசம் போச்சு," என்றார்.

அதன் பிறகும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை நான் கூட்டிப்போனேன். என் பழைய திட்டத் தலைவரைத் தேடிப்பிடித்துப் பட்டியலை மாற்றியதைச் சொன்னேன். ஓய்வு பெற்றிருந்தார். அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கட்டுரையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு எண்களின் அளவுகள் இருந்த பழைய நோட்டை அவரும் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

இட்லி அக்கா அடுப்பைப் பற்றி அப்புறம் என்னிடம் எதுவும் பேசவில்லை. மகளின் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் பற்றிப் பேசுவார். கடைசி வருடம் மகள் அவரை லிங்கராஜபுரத்துக்கே அழைத்துப்போய்விட்டாள். ஒரு மார்கழியில் குளிர் தாங்காமல் இறந்துபோனார். மகள்தான் போன் செய்து சொன்னாள். சாவு வீட்டுக்குப் போனேன். என்னை யாரென்று அவளுக்குத் தெரியும், நான் என்ன செய்தேன் என்று தெரியாது. அம்மா சொல்லவில்லை போலிருக்கிறது. அன்று வந்தவர்களுக்கெல்லாம் அவள் என்னை அம்மாவின் ஃப்ரெண்ட் என்றுதான் அறிமுகப்படுத்தினாள். நான் மறுத்துப் பேசவில்லை.